போத்தலுக்கு ஏன் வேர்க்குது?

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 4 இன் வகுப்பாசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

“என் வகுப்பில் 38 பிள்ளைகள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் கொப்பியில் உள்ளதைக் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆவியாதல் என்றால் என்ன என்று கேட்டால் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். போன கிழமை, ஈரத்துணி காயும்போது தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். துணிக்குள்ளேயே போய்விட்டது என்று பாதிப்பேர் சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆய்வுகூடமும் இல்லை, சாமானும் இல்லை. ஒவ்வொரு தவணையும் கணிப்பீட்டுக் கோவையை அதிபரிடம் காட்ட வேண்டும். பெற்றோர் புள்ளியைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வாயும் திறப்பதில்லை, எழுதுவதும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, மிஸ்?”

அன்புள்ள தங்கச்சி,

அழ வேண்டாம். “துணிக்குள்ளே போய்விட்டது” என்று பிள்ளைகள் சொன்னார்களே, இந்தத் தவணையில் உங்களுக்குக் கிடைத்த உண்மையான கணிப்பீடு அதுதான். ஒரே குரலில் ஒப்புவித்தார்களே, அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. பிள்ளை எதை நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் அதற்கு எதைக் கற்பிப்பது? நீங்கள் தற்செயலாகக் கேட்ட அந்தக் கேள்வியை இனி வேண்டுமென்றே, பாடத்தைத் தொடங்கும்போதே கேளுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை 38 பேரோடு எப்படிச் செய்வது என்பது.

சாமான் இல்லை என்கிறீர்கள். கொழும்பில் இருக்கும் உங்களுக்கு ஒரு சாமான் சும்மா கிடைக்கிறது: இந்தப் புழுக்கம். நம்முடைய காற்றில் எப்போதும் நீராவி நிறைந்திருக்கும். தண்ணீர்ப் போத்தல் ஒன்றை இரவில் பிறீஸரில் வைத்து, காலையில் ஒரு துணியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோங்கள். துடைத்துவிட்டு மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெளிப்பக்கம் முழுக்கத் துளி பூத்துவிடும். மலைநாட்டில் குளிர்ந்து வறண்ட ஒரு காலையில் இவ்வளவு வேகமாக வராது.

ஆனால் போத்தலை மேசையில் வைப்பதற்கு முன் கேளுங்கள்: “இதைத் துடைத்து வைக்கப் போகிறேன். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் எப்படி இருக்கும்? ஏன்?” எல்லாரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும், அல்லது ஒரு படம் கீற வேண்டும். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. இது முக்கியம். இல்லாவிட்டால் முன்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை சொல்வதை மற்ற 37 பேரும் எழுதுவார்கள். நாம் பாடசாலைகளில் ‘எதிர்வுகூறல்’ என்று சொல்வதன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. முன்கூட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட பிள்ளை, தான் சொன்னது சரிவருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சாயாத பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை.

இதை நான் பல வகுப்புகளில் செய்திருக்கிறேன். பதில்கள் அநேகமாக மூன்று விதம். “போத்தலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு.” “உள்ளே இருக்கிற குளிர் வெளியே வருது.” “வேர்க்குது மிஸ், எனக்கு வேர்க்கிற மாதிரி.” ஒரு தடவை ஒரு சின்னப் பெண் எழுந்து, “போத்தலுக்கு ஏன் வேர்க்குது? அதுதானே குளிரா இருக்கு? குளிரில வேர்க்காதே?” என்று கேட்டாள். அவளுக்கு நான் ஒரு புள்ளியும் போடவில்லை. போடுவதற்குக் கோவையில் அப்படி ஒரு நிரலும் இல்லை. ஆனால் அன்று முழு வகுப்பையும் நடத்தியது அந்தப் பிள்ளைதான்.

அப்புறம், எந்தப் பதிலையும் “பிழை” என்று சொல்லாதீர்கள். “ஓட்டை இருக்கு என்று எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை, நிறத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று சொல்லும். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லலாம். பலூடாவுக்கு ஊற்றுகிற ரோஸ் சிரப்பைக் கலந்து உறையவைத்த இன்னொரு போத்தல் உங்கள் பையில் தயாராக இருக்கட்டும். அதைத் துடைத்து வைத்து, துளி வந்ததும் ஒரு வெள்ளைத் தாளால் ஒற்றி எடுங்கள். தாளில் சிவப்பு இல்லை. அந்த நேரம் வகுப்பில் விழும் அமைதியைக் கவனியுங்கள். மூன்றாவதாகக் குளிரூட்டாத ஒரு போத்தலையும் பக்கத்தில் வையுங்கள். அதில் துளி வராது. வீட்டில் மா நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். குளிர்ந்த போத்தலை மூடியபடியே தராசில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு கிராம் கூடியிருக்கும். ஓட்டையால் ஒழுகியிருந்தால் தராசு கூட்டிக் காட்டுமா? மூடி திறக்காத போத்தலுக்கு எங்கிருந்தோ தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து? இந்த இடத்தில்தான் ‘நீராவி’, ‘ஒடுக்கம்’ என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும். தொடக்கத்தில் எழுதினால் அது ஒப்புவிப்பதற்கு இன்னொரு வரி. இங்கே எழுதினால், பிள்ளை கண்ணால் பார்த்துவிட்ட ஒன்றுக்குக் கிடைக்கும் பெயர்.

சொற்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இப்போது பிள்ளைகள் வீட்டில் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம்முடைய நூலில் ‘ஒளித்தொகுப்பு’ என்று இருக்கும், பிள்ளை ‘ஒளிச்சேர்க்கை’ என்று எழுதும். சிவப்புப் பேனையால் வெட்டாதீர்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, பரீட்சையில் நம்முடைய சொல்லை எழுதச் சொன்னால் போதும்.

துணிக் கேள்விக்கும் இதே போத்தல்தான் பதில். துணியிலிருந்து போனது காற்றில் இருக்கிறது, போத்தலில் வந்து ஒட்டியது காற்றில் இருந்தது. இரண்டையும் பிள்ளைகளே இணைக்கட்டும். அடுத்த நாள் ஈரக் கைலேஞ்சிகள் இரண்டை, ஒன்றை மடித்தும் ஒன்றை விரித்தும் யன்னலில் போட்டுவிட்டு, எது முதலில் காயும் என்று எழுதச் சொல்லுங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆரம்ப வகுப்பு விஞ்ஞானப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று செக்கன் என்பது 38 பேர் முன்னால் நிற்கும்போது ஒரு யுகம். நான் மேசைக்கு அடியில் விரல் மடித்து எண்ணிப் பழகினேன்.

இனிக் கோவை விஷயம். ஒரு பாடவேளையில் 38 பேரையும் அவதானித்து எழுத யாராலும் முடியாது. முடிந்ததாகக் கோவை காட்டினால், அது முதல் நாள் இரவு வீட்டில் இருந்து நிரப்பிய கோவை. (நானும் நிரப்பியிருக்கிறேன்.) ஒரு பாடத்துக்கு ஆறு அல்லது ஏழு பேரை மட்டும் எடுங்கள். பெயர்களை முதலே ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பாடங்களில் முழு வகுப்பும் ஒரு சுற்று வந்துவிடும். மூன்றே மூன்றைப் பாருங்கள்: கண்டதையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்கிறதா, சொன்னதற்குக் காரணம் காட்டுகிறதா, காரணம் உடைந்தால் எண்ணத்தை மாற்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போதும். ஆனால் ஒரு பிள்ளை சொன்ன ஒரு வசனத்தையாவது அப்படியே எழுதி வையுங்கள். “ஓட்டை என்றான். தாளில் சிவப்பு இல்லை என்றதும், அப்ப வெளியே இருந்துதான் வந்தது என்றான்.” இந்த ஒரு வரி, ‘தேர்ச்சி அடைந்துள்ளார்’ என்ற கட்டத்தில் போடும் சரி அடையாளத்தைவிட அதிபருக்கும் உங்களுக்கும் அதிகம் சொல்லும். அதிபரிடம் கோவையைக் காட்டும்போது இப்படியான ஐந்தாறு வரிகளை வாசித்துக் காட்டுங்கள். அநேகமான அதிபர்களும் ஒரு காலத்தில் வகுப்பில் நின்றவர்கள்தான்.

புள்ளி போடுவதில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிது. துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை. மிதப்பவை, அமிழ்பவை என்று இரண்டு நிரல் போட்டு, பத்துப் பொருள்களின் பெயரைக் கொடுத்து அடையாளமிடச் சொன்னேன். ஒரு பையன் ‘இரும்பு’ என்பதற்கு இரண்டு நிரலிலும் அடையாளம் போட்டிருந்தான். நான் வெட்டிவிட்டேன். பத்துக்கு ஒன்பது. அவன் கொப்பியோடு வந்து, அழாமல், சண்டையும் பிடிக்காமல் கேட்டான்: “மிஸ், அப்பா வேலை செய்யிற கப்பல் இரும்புதானே?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது வேற, இது வேற.” அவன் போய் இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வகுப்பிலேயே சரியாக யோசித்தவன் அவன்தான், புள்ளி குறைந்தவனும் அவன்தான். பிழை பிள்ளையுடையதல்ல, கேள்வியுடையது. பொருளின் பெயரைக் கேட்டேனே தவிர, அதன் வடிவத்தை மறந்துவிட்டேன். இப்போதென்றால் அவனிடம் ஒரு துண்டுக் களியைக் கொடுத்து, உருண்டையாக உருட்டித் தண்ணீரில் போடச் சொல்வேன், பிறகு அதே களியைத் தோணி மாதிரிச் செய்து போடச் சொல்வேன். உருண்டை அமிழும், தோணி மிதக்கும். தோடம்பழத்தையும் செய்து பார்க்கலாம். தோலோடு போட்டால் மிதக்கும், தோலை உரித்துப் போட்டால் அமிழும். உரித்த பழம் பாரம் குறைந்ததுதானே, அது ஏன் தாழ வேண்டும்? “பாரமானது தாழும்” என்று அடித்துச் சொல்லும் பிள்ளைகள் இதைப் பார்த்துக் குழம்பிப் போவார்கள். குழம்பட்டும், தோலுக்குள் காற்று அடைபட்டிருப்பதை மெல்லத் தேடிப் பிடிப்பார்கள்.

ஆகவே தவணைப் பரீட்சைக்குக் கேள்வி எழுதும்போது நாலு கேள்வியில் ஒன்றாவது கொப்பியில் இல்லாததாக இருக்கட்டும். இப்படி ஒன்று: “ரவி தன் சட்டையை மொட்டைமாடியில் வெயிலில் விரித்துக் காயப்போட்டான். பாத்திமா தன் சட்டையை அறைக்குள் மடித்துப் போட்டாள். ரவியின் சட்டை முதலில் காய்ந்தது. வெயிலால்தான் காய்ந்தது என்று ரவி சொல்கிறான். அவன் சொல்வதை அப்படியே ஏற்கலாமா?” வெயிலும் வேறு, விரித்த விதமும் வேறு, ஆகவே வெயில்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்பதைப் பிள்ளை பிடிக்கிறதா என்று பாருங்கள். இது நாலு புள்ளிக் கேள்வி என்றால், ‘ஏற்கலாம்’ அல்லது ‘ஏற்க முடியாது’ என்ற பதிலுக்கு மட்டும் ஒன்றுக்கு மேல் கொடுக்க வேண்டாம். மிச்சம் மூன்றும் காரணத்துக்கு. நீங்கள் எதிர்பார்க்காத ஒரு காரணத்தைப் பிள்ளை எழுதி, அது பொருந்தினால், முழுப் புள்ளி. “பாத்திமாவின் சட்டை தடிப்பான துணியாக இருக்கலாம்” என்று ஒரு பிள்ளை எழுதினால் அதை எடுத்து வகுப்புக்கே வாசியுங்கள்.

புள்ளி போட்டு அதன் பக்கத்தில் கருத்தும் எழுதினால் இரண்டின் பயனும் கிடைக்கும் என்று நாம் எல்லாரும் நம்புகிறோம். கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. சில பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். கருத்து மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்கள் மாதிரியே நின்றார்கள். புள்ளியைக் கண்டதும் கண் அதற்கு மேல் போவதில்லை. நம் வகுப்பிலும் அதுதானே நடக்கிறது? கொப்பி கைக்குப் போனதும் “உனக்கு எத்தனை?” என்ற சத்தம்தான். தவணைப் பரீட்சையில் புள்ளி தவிர்க்க முடியாது. நாளாந்தக் கொப்பியில் தவிர்க்கலாம். புள்ளிக்குப் பதில் ஒரு கேள்வி எழுதுங்கள்: “அப்படியென்றால் மழை நாளில் துணி ஏன் காயவில்லை?” அதற்குக் கீழே பதில் எழுதப் பிள்ளைக்கு அடுத்த நாள் ஐந்து நிமிடம் கொடுங்கள். நேரம் கொடுக்காமல் கருத்து மட்டும் எழுதுவதில் பயனில்லை, உங்கள் கைதான் நோகும்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் 200 புள்ளி பல வீடுகளில் தரம் 3 இலேயே வந்து குந்திவிடுகிறது. டியூஷன், பாஸ் பேப்பர், மொடல் பேப்பர் என்று அவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுகிறார்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் விளக்கம் கொடுக்காமல் அந்தப் போத்தலை மேசையில் வையுங்கள். துளி எங்கிருந்து வந்தது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பெரியவர்களிலும் சிலர் ஓட்டை என்று எழுதுவார்கள், சிலர் எழுதாமல் பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு புள்ளியைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் இலேசாகும்.

உயிர்ப் பொருள்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு எச்சரிக்கை. வாழ்க்கை வட்டத்துக்கு நுளம்புக் குடம்பியைப் போத்தலில் பிடித்து வகுப்பில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கொழும்பில், டெங்குக் காலத்தில், வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றோ தேசிக் கன்றோ வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். வண்ணத்துப்பூச்சி தானாக வந்து முட்டையிடும். முதலில் வரும் புழு பார்வைக்குக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் கவர்க்கொம்பு ஒன்று நீண்டு வரும், ஒரு மணமும் வரும். பிள்ளைகள் கத்துவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை படம் கீறித் திகதி போடட்டும். முதல் படத்தில் புழுவுக்குச் சிரிக்கும் வாயும் கண் மடலும் இருக்கும். மூன்றாவது கிழமைப் படத்தில் முன்னால் மூன்று சோடிக் கால், பின்னால் வேறு மாதிரிக் கால் என்று எண்ணிக் கீறியிருந்தால், கணிப்பீடு உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு படத்தையும் சேர்த்துக் கோவையில் வையுங்கள்.

எழுதாத பிள்ளையை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னதெல்லாம் முதலில் அந்தப் பிள்ளைக்கு என்பதுதான். அது விளங்காததால் எழுதவில்லையா, எழுத வராததால் எழுதவில்லையா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. கொழும்பில் வீட்டில் ஒரு மொழி, ஒழுங்கையில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொன்று என்று இருக்கும் பிள்ளைகள் அநேகம். விஞ்ஞானத்தைக் கணிக்கப் போய் அதன் தமிழ் எழுத்தைக் கணித்துவிட்டு வருகிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். பாடசாலை முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நேராக நட்டு, நண்பகல் நிழலைக் கிழமைக்கு ஒரு தடவை அளக்கும் வேலை. நண்பகல் என்பது நம் மணிக்கூட்டில் சரியாகப் பன்னிரண்டு அல்ல. ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் 12.10ஐத் தாண்டித்தான் சூரியன் உச்சிக்கு வரும். அந்த மாதம் முதல் வாரத்தில் நிழல் அநேகமாக இல்லாமலே போகும். ஜூனில் தெற்குப் பக்கமாக 30 சென்ரிமீற்றர் அளவு விழும். டிசம்பரில் வடக்குப் பக்கம், அரை மீற்றருக்கும் மேல். நிலத்தில் வெண்கட்டியால் கோடு போட்டுத் திகதியும் இலக்கமும் எழுதினால் போதும், வசனம் தேவையில்லை. ‘நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேலே’ என்று எல்லாரும் ஒப்புவிக்கும் நாளில், “இல்லையே மிஸ்” என்று சொல்லக்கூடிய ஒரே பிள்ளை அதுவாக இருக்கும். அது வாயால் சொன்னால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கோடுகளைக் கையால் காட்டினாலும் சரி.

திங்கட்கிழமை போத்தலோடு தொடங்குங்கள். பிள்ளைகள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், முக்கியமாகப் பிழையான பதில்களை. ஞாயிறு இரவு போத்தலைப் பிறீஸரில் வைக்கும்போது கழுத்து வரை நிரப்பிவிடாதீர்கள். நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் விடியும்போது போத்தல் வெடித்திருக்கும்.